துரை காரின் பம்பர்

எங்கள் தீவில், ரோஸ் ஹில் ஊரில், கார் பம்பருக்குக் குரோமியம் முலாம் பூச என்னை விட்டால் ஆளில்லை. பொய். நான் முலாமை உரித்தவன். கரும்புத் தோட்டத்துத் துரைக்கு டிரைவராகச் சேர்ந்த புதிதில், காவடித் திருவிழாவுக்குக் கோயில் விளக்குத் தேய்க்கிற மாதிரி, அவர் கார் பம்பரைப் புளியும் மணலும் போட்டுத் தேய்த்தேன். பளபளப்பு போய் அடியிலிருந்த செம்பு தெரிந்தது. ஊருக்குப் போயிருந்த துரை சனிக்கிழமை கப்பலில் திரும்பி வருகிறார். பார்த்தால் என் வேலை போச்சு.

பம்பரைக் கழற்றிக்கொண்டு முலாம் பூசுகிறவரிடம் ஓடினேன். ஒல்லியான மனிதர். நகமெல்லாம் பச்சைக் கறை. முலாம் பூசுமுன் தான் தேய்த்து வழவழப்பாக்கிய பம்பரில் கண்ணை மூடிக் கன்னத்தை வைத்து, மெல்ல நகர்த்தினார்.

"என்ன மாமா, முத்தமா?"

"வாயை மூடு. இங்க ஒரு கீறல் இருக்கு."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "முலாம் பூசினா மறைஞ்சிடாதா?"

"மறைக்காதுடா. காட்டிக் கொடுத்திடும்."

மறுபடி முதலிலிருந்து தேய்த்தார். மூன்று தடவை! பிறகுதான் முலாம் பூசினார்.

சனிக்கிழமை துரை குனிந்து, பம்பரில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு போனார்.

இன்றும் அந்தக் காரைக் கழுவினால் கண்ணை மூடிக் கன்னத்தை வைத்துப் பார்க்கிறேன். அந்தக் கீறல் எந்த இடத்தில்தான்...

"ஏங்க! காருக்கு முத்தம் கொடுத்தது போதும், துரை கூப்பிடறாரு!"

என் பெண்டாட்டி. வருகிறேன்.