வேலிக்குப் பதிலாக வந்த பவுண்டு

பெர்னார்ட் 1951 முதல் 1983 வரை சிங்கப்பூரில் தபால் பிரிக்கும் கூடத்தில் வேலை பார்த்தார். உறைமேல் இருக்கும் முகவரியைப் படித்து, எந்தப் பெட்டிக்குள் போட வேண்டும் என்று முடிவு செய்வது அவர் வேலை. நாங்கள் எல்லோரும் சிராங்கூன் சாலையைச் சுற்றிக் குடியிருந்த காலத்தில் முகவரியை எப்படி எழுதினாலும் கடிதம் போய்ச் சேர்ந்தது. சாலைப் பெயரும் பக்கத்தில் இருக்கும் கடையின் பெயரும் போதும். அடுக்குமாடி வீடுகளுக்கு மாறிய பிறகு அது நடக்கவில்லை. கட்டடத்தின் புளோக் எண், அதன்பின் # என்ற குறி, பிறகு மாடி, பிறகு வீட்டு எண் என்று ஒரு வரிசை வந்தது.

அந்தக் குறிக்கு ஆங்கிலத்தில் ஹேஷ் என்று பெயர். கூடத்தில் இருந்த தமிழர்கள் அதை வேலி என்றார்கள். நின்ற கம்பு இரண்டு, இழுத்துக் கட்டிய கம்பி இரண்டு. ‘வேலி இல்லாத கடிதம்’ என்றால் முகவரி சரியில்லாத கடிதம் என்று பொருள். பெர்னார்ட் ஓய்வு பெற்று ஈசூனுக்குக் குடிவந்த பிறகும் அப்படித்தான் பேசினார். நான் பக்கத்து புளோக்கில் இருந்ததால் இதில் பாதியை நேரில் பார்த்தேன். மீதி, அவரும் அவர் மனைவி ரூபியும் தனித்தனியாகச் சொன்னது. இருவர் சொன்னதும் ஒத்துப்போன இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

1985இல் பெர்னார்டின் வலக்கை நடுங்கத் தொடங்கியது. மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொன்னாராம். பெர்னார்ட் அந்தப் பெயரை என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காப்பிக் குவளையை இடக்கையால் எடுக்கப் பழகிக்கொண்டார். எழுதுவதற்கு மட்டும் இடக்கை பழகவில்லை.

மறு ஆண்டு அவருடைய ஒரே மகள் உர்சுலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. செப்டம்பர் 6, சனிக்கிழமை, லூர்து மாதா கோயிலில். பத்திரிகை உறைகளுக்கு முகவரியைத் தங்கள் அலுவலகத்திலேயே தட்டச்சு செய்து தருவதாக மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். பெர்னார்ட் ஒப்பவில்லை.

“ஊர்ல உள்ளவன் கடிதத்தையெல்லாம் முப்பது வருஷமாப் பிரிச்சுப் போட்டேன். எம்மக கல்யாணத்துக்கு அட்ரஸ் எழுத இன்னொருத்தன் வரணுமா?” என்று என்னிடம் கேட்டார். கேட்கும்போது வலக்கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார்.

உர்சுலா ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அப்பாவின் மனம் அவளுக்குத் தெரிந்தது. ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் ஒரு கடையில் பழைய கணினி ஒன்றையும் அச்சடிக்கும் பிரிண்டர் ஒன்றையும் வாங்கி வந்து வீட்டுக் கூடத்து மேசையில் வைத்தாள். விசையை ஒரு விரலால் தட்டினால் போதும், கை நடுங்கினாலும் எழுத்து நடுங்காது. பெர்னார்ட் ஜூலை மாதம் முழுவதும் உட்கார்ந்து எல்லா முகவரிகளையும் தட்டி முடித்தார்.

ஆகஸ்டு முதல் ஞாயிறு, கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பதை நாங்கள் ஓலை வாசிப்பது என்போம். முதல் ஓலை வாசித்த வாரமே பத்திரிகை போய்விட வேண்டும். முதல் பத்திரிகை, கூடப் பிறந்தவர்களுக்கு. பெர்னார்டுக்கு ஒரே தம்பி எட்மண்ட், ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை. தொட்டாற்சுருங்கி. உறையில் தன் பேர் சரியாக இல்லை என்று ஒரு ஞானஸ்நான விருந்துக்கே போகாதவர். அவருக்குப் பத்திரிகை முறைப்படி போய்ச் சேர வேண்டும் என்பதுதான் பெர்னார்டின் பெரிய கவலை.

திங்கட்கிழமை மாலை முதல்முறையாக அச்சடித்தார். சோதனைக்காகத் தம் வீட்டு முகவரியைக் கொடுத்தார். நான்கு வரியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, உறையில் ஒட்டுவதற்கான ஒட்டுத்தாளில் கறுப்புப் பட்டை ஒன்று வந்தது. ரூபி பார்த்துவிட்டு, “நாலு மாடியையும் இடிச்சுத் தரைமட்டம் ஆக்கிட்டீங்களே” என்றார்.

பெர்னார்ட் பிரிண்டரோடு வந்த புத்தகத்தை எடுத்தார். இயந்திரத்தின் பின்பக்கம் ஒரு மூடிக்குள் அரிசி அளவில் சில சுவிட்சுகள் இருந்தன. அவற்றில் ஒன்றைத் தள்ளி, இயந்திரத்தை அணைத்து மறுபடி போட்டால், ஒவ்வொரு வரி முடிந்ததும் தாள் ஒரு வரி மேலே நகரும் என்று எழுதியிருந்தது. ரூபியின் தையல் ஊசியால் தள்ளினார். அணைத்து மறுபடி போட்டார். முகவரி அழகாக நான்கு வரியில் வந்தது. வேலியும் தன் இடத்தில் நின்றது. நான் அப்போது அங்கே இருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் அடுத்த பக்கத்தையும் படித்தார். இயந்திரம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுக்கு ஏற்றபடி சில சுவிட்சுகளை வைக்க வேண்டுமாம். அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, இங்கிலாந்து, டென்மார்க் என்று ஓர் அட்டவணை. சிங்கப்பூர் இல்லை. மலேசியாவும் இல்லை.

“இங்கிலாந்து வச்சிருவோம்,” என்றார். “நாம படிச்சது அவங்க இங்கிலீஷ். பரீட்சைப் பேப்பரே அங்கேருந்துதானே வந்துச்சு.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வைத்துவிட்டு இன்னொரு முறை அச்சடித்தார். ஒரு மாற்றமும் இல்லை, முன்போலவே சரியாக வந்தது. இயந்திரத்தை அணைத்தார். நான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை எட்மண்டின் முகவரியை அச்சடித்தார். ரூபி அதைக் கிழித்து உறையில் ஒட்டி, சந்தைக்குப் போகும் வழியில் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். அதற்குள் பெர்னார்ட் இருபது முகவரிகளை அச்சடித்திருந்தார். கண்ணாடியை மாட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வேலி எதுவுமே இல்லை. வேலி நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் £ என்ற பவுண்டுக் குறி நின்றது.

“எட்மண்டுக்குப் போனதும் இப்படித்தான் போயிருக்குமா?”

ரூபி ரவிக்கைத் துணியில் சிவப்புப் பென்சிலால் அளவு குறித்துக்கொண்டிருந்தார். “போய்ச் சேரும்,” என்றார்.

“எப்படிச் சேரும்? பவுண்டு அஞ்சு, நூத்திப் பன்னிரண்டுன்னு இருந்தா யாரு கொண்டுபோய்க் கொடுப்பா? கொடுத்தாலும் மொய்யை இங்கிலீஷ் காசுல கேக்கறேன்னு அவன் கோவிச்சுக்குவான்.”

“அதெல்லாம் போய்ச் சேரும்னு சொல்றேன்ல.”

“நேத்து நல்லாத்தானே வந்துச்சு. ராத்திரியில என்ன ஆச்சு இதுக்கு?” அவர் யோசித்தார். “காலையில நீ இதை ஈரத்துணியால துடைச்சியா?”

“தூசி இருந்துச்சு, துடைச்சேன்.”

“அதான்.”

ரூபி பென்சிலைத் தகர டப்பாவுக்குள் போட்டு மூடினார். அன்று முழுவதும் அவர் வேறு எதுவும் சொல்லவில்லை என்று இருவருமே சொல்கிறார்கள்.

பெர்னார்ட் கடைக்குத் தொலைபேசியில் பேசினார். எடுத்தவர் அஹமது கபீர். இயந்திரத்தை விற்றவரும், பழுது பார்ப்பவரும் அவர்தான். அந்தப் பேச்சை நான் சோபாவில் உட்கார்ந்து கேட்டேன். மறுமுனையில் பேசியதைக் கபீர் பிறகு என்னிடம் சொன்னார்.

“தம்பி, வேலி வரமாட்டேங்குது.”

“என்ன வேலி அங்கிள்?”

“வீட்டு நம்பருக்கு முன்னாடி போடுவோமே, அந்தக் குறி. அதுக்குப் பதிலா பவுண்டு வருது.”

“பவுண்டு வருதா? அப்ப சரியாத்தானே இருக்கு.”

“எப்படித் தம்பி சரி? எனக்குப் பவுண்டு வேணாம்.”

“பவுண்டு இல்லாம எப்படி அங்கிள்? வீட்டு நம்பருக்கு முன்னாடி பவுண்டு போட்டே ஆகணும்.”

பெர்னார்ட் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். “வீட்டு நம்பருக்குப் பவுண்டுதான் போடணுமாம்.”

“எப்பலேருந்து?” என்றேன்.

மறுபடி பேசினார். “தம்பி, ஸ்கிரீன்ல வேலி தெரியுது. பேப்பர்ல பவுண்டு வருது.”

“ரெண்டும் ஒண்ணுதான் லா, அங்கிள்.”

“ரெண்டும் ஒண்ணா?”

“ஒண்ணுதான். நீங்க கவலைப்படாம பிரிண்ட் பண்ணுங்க. கடையில ஆள் காத்திருக்காங்க, வச்சிரட்டுமா?”

பெர்னார்ட் தொலைபேசியை வைத்தார். ஓய்வு பெற்ற இந்த மூன்று ஆண்டில் முகவரி எழுதும் முறை மாறிவிட்டதோ, தமக்கு மட்டும் யாரும் சொல்லவில்லையோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நாங்கள் இருவரும் கீழே இறங்கிக் கடிதப் பெட்டிகளைப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் வேலிதான். பக்கத்து புளோக்குக்கும் போய்ப் பார்த்தோம். அங்கும் வேலிதான். வேலியும் பவுண்டும் எப்படி ஒன்றாகும் என்று அவர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்த பவுண்டு இரண்டு. ஒன்று காசு, இன்னொன்று எடை. இரண்டிலும் வேலி இல்லை.

அன்று மாலை அவர், பவுண்டு வரும் இடத்தை வெறுமையாக விட்டு அச்சடித்து, வேலியை மட்டும் பேனாவால் போட்டுப் பார்த்தார். நான்கு கோடுதான். அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். அந்த ஒட்டுத்தாளை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, “மாப்பிள்ளை வீட்லயே அடிக்கச் சொல்லிரலாமா?” என்று கேட்டார். உர்சுலா, “ஒரு தடவை கடைக்குப் போய்ட்டு வாங்கப்பா. அப்பறம் பார்ப்போம்,” என்றாள்.

வியாழக்கிழமை நானும் அவரும் அச்சடித்த தாளை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினோம். கபீர் தாளைப் பார்த்தார். சிரிக்கவில்லை, குழம்பிப்போனார்.

“அங்கிள், இது இங்கிலாந்துப் பவுண்டு.”

“வேற எந்த நாட்டுப் பவுண்டு தம்பி இருக்கு?”

கபீர் ஒரு ரசீதின் பின்புறம் # என்று போட்டார். “நான் சொன்ன பவுண்டு இது.”

“இது வேலி. இங்கிலீஷ்ல ஹேஷ்.”

“நான் படிச்ச புத்தகம் எல்லாம் அமெரிக்காவுல அச்சடிச்சது. அதுல இதுக்குப் பேர் பவுண்டு.”

“அப்ப உண்மையான பவுண்டுக்கு அவன் என்ன பேர் வச்சிருக்கான்?”

கபீர் யோசித்தார். “அதுவும் பவுண்டுதான்னு நினைக்கிறேன்.”

 பிறகு கபீர், சுவிட்சு எதையாவது தொட்டீர்களா என்று கேட்டார். பெர்னார்ட் இங்கிலாந்து கதையைச் சொன்னார்.

“அதான் அங்கிள். இங்கிலாந்துல வச்சா, வேலி இருக்கற இடத்துல அவங்க காசு வந்து உக்காந்துக்கும். அமெரிக்காவுல வைங்க.”

“ஆனா வச்ச அன்னைக்குப் பவுண்டு வரலையே. மறுநாள்தானே வந்துச்சு.”

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணாத்தான் பிரிண்டர் சுவிட்சைப் பார்க்கும். அன்னைக்கு அது பார்த்திருக்காது. மறுநாள் ஆன் பண்ணப்பதான் இங்கிலாந்துக்குப் போயிருக்கு.”

“அப்ப ஈரத்துணியால துடைச்சது?”

“துடைச்சா என்ன அங்கிள் ஆகும்? சுத்தமாகும்.”

 பெர்னார்ட் வீட்டுக்கு வந்து ரூபியிடம் ஊசி கேட்டார். ரூபி கொடுத்தார். அமெரிக்காவில் வைத்து, அணைத்து, மறுபடி போட்டு அச்சடித்தார். வேலி வந்தது.

“இப்ப நாம எந்த நாட்டுல இருக்கோம்?” என்று ரூபி கேட்டார்.

“அமெரிக்கா.”

“அவங்க மாசத்தை முன்னாடி போடுவாங்களாமே. கல்யாணம் ஜூன் ஒன்பதுக்குப் போயிடாதே?”

பெர்னார்ட் பத்திரிகையை எடுத்துத் தேதியைச் சரிபார்த்துவிட்டு, “போகாது,” என்றார். துடைத்ததைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. சனிக்கிழமைக்குள் எல்லா உறையும் போய்விட்டது. எட்மண்டுக்கு இன்னொன்று அனுப்ப முடியாது. இரண்டாவது உறை வந்தால், முதலில் மறந்துவிட்டார்கள் என்று நினைப்பார். அந்த ஒன்றுக்காகக் கல்யாணம் வரை பெர்னார்ட் ஒழுங்காகத் தூங்கவில்லை.

எட்மண்ட் வந்தார். பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் விருந்து நடந்தபோது, உறையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அண்ணனிடம் காட்டினார். “முதல் தபால் எனக்குத்தான் போல. ஆனா இது என்ன அண்ணே, தப்பும் திருத்தமுமா?”

ஒட்டுத்தாளில் பவுண்டை ஒரு கோட்டால் அடித்து, மேலே சிவப்புப் பென்சிலால் சின்னதாக ஒரு வேலி போட்டிருந்தது.

பெர்னார்டின் முகம் மலர்ந்துவிட்டது. பிரிப்புக் கூடத்தில் யாரோ பார்த்துத் திருத்தியிருக்கிறார்கள். கூடத்து ஆட்கள் உட்கார்ந்திருந்த மேசைக்கு உறையை எடுத்துக்கொண்டு போனார். அங்கே அண்ணாதுரை இருந்தார், இன்னும் வேலையில் இருப்பவர்.

“யாரு கை இது? யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.”

அண்ணாதுரை உறையைத் திருப்பிப் பார்த்தார். “நம்ம கை இல்ல அண்ணே. நாங்க நீலப் பென்சில்தான், தெரியாதா?”

“இப்ப மாத்தியிருப்பாங்கன்னு நினைச்சேன்.”

“மாத்தல. இன்னொண்ணு, நாம முதல்ல கம்பு நட்டு, அப்பறம் கம்பி போடுவோம். இது கம்பியை முதல்ல போட்டு அதுமேல கம்பு நட்ட மாதிரில்ல இருக்கு.”

 பெர்னார்ட் உறையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். ரவிக்கைத் துணியில் பார்த்த அதே சிவப்பு. பெண்கள் மேசையில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்த ரூபியிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“இது நீயா?”

ரூபி உறையைப் பார்த்தார். “ஆமா.”

“அப்ப உனக்கு முதல்லயே தெரியுமா?”

“ஒட்டும்போது பார்த்தேன். கை நடுங்கி விரல் வேற எழுத்துல பட்டிருச்சுன்னு நினைச்சேன். சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு நானே போட்டு அனுப்பிட்டேன்.”

“பிறகு மெஷின் தப்புன்னு தெரிஞ்சிருச்சே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? ஒரு மாசம் தூங்கல நான்.”

“சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள, துடைச்சதாலன்னு சொன்னீங்க.” ரூபி அடுத்த தட்டில் சோறு வைத்தார். “போய்ச் சேரும்னு மட்டும் சொன்னேன். சேர்ந்துச்சா இல்லையா?”

“சேர்ந்துச்சு.”

“அப்பறம் என்ன?”

 பெர்னார்ட் உறையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டார். அந்தக் கை நடுங்கியது. அன்று அதை அவர் பைக்குள் வைக்கவில்லை.

“வேலி போடும்போது கம்பைத்தான் முதல்ல நடணும், ரூபி,” என்றார்.

“அடுத்த தடவை,” என்றார் ரூபி, “ஈரத்துணியைக் கொண்டுவந்து துடைச்சிட்டு நடறேன்.”