குலுங்காத வண்டி

சவூதியில் வேலையை முடித்துக்கொண்டு வந்த ரசூல், வந்த மாதமே ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். வெளிநாட்டிலிருந்து வந்தவர் கார் வாங்குவது சங்கரன்கோவிலில் யாரும் திரும்பிப் பார்க்கிற விஷயமில்லை. திரும்பிப் பார்க்க வைத்தது வேறு. அந்தக் காரில் அவருடைய மனைவி பஸீலா ஒருநாளும் முன்சீட்டில் உட்கார்ந்து போனதில்லை.

அவள் கோபித்துக்கொண்டு செய்ததில்லை அது. முதல் நாள் வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய ரசூல், இறங்கிச் சுற்றி வந்து, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ரியாத்தில் ஒரு பெரிய வீட்டில் இருபது வருஷத்துக்குப் பக்கத்தில் டிரைவராக இருந்தவர். கை தானாகச் செய்துவிட்டது. பஸீலா அதை விளையாட்டு என்று நினைத்தாள். "என்ன, நான் உங்க மேடமா?" என்று சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள். அவர் சிரிக்கவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டு முன்னால் போய் வண்டியை எடுத்தார். மறுநாளும் பின்கதவுதான். அதற்கடுத்த நாள் அவளே பின்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள். தப்பு ஒன்று வழக்கமாவதற்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

பஸீலா புளியங்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதுவரை பஸ்ஸில் போய் வந்தவள். "இனிமே பஸ்ஸு வேண்டாம், நானே கொண்டு விடுதேன்" என்று ரசூல் சொல்லிவிட்டார். காலையில் கொண்டு விடுவார். சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுவதற்கு வெகுநேரம் முன்னாலேயே போய் வாசலில் நிற்பார். காத்திருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஓட்டும்போது மட்டும் வாய் திறக்கமாட்டார். கண்ணாடியில் ரோடுதான் தெரியவேண்டும், பின்சீட்டில் இருக்கிற பெண்கள் தெரியக்கூடாது என்று ரியாத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இங்கேயும் அவருடைய கண்ணாடி அந்தச் சாய்விலேயே இருந்தது.

கல்நெஞ்சக்காரர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. மரத்துப்போனவர், அவ்வளவுதான். வாப்பா மௌத்தான சேதி அவருக்கு ஒரு ஷாப்பிங் மாலின் கார் நிறுத்துமிடத்தில் வைத்துத்தான் வந்தது. போனை வைத்த கொஞ்ச நேரத்தில் மேடமும் பிள்ளைகளும் கைகொள்ளாத பைகளோடு வந்துவிட்டார்கள். ரசூல் கதவைத் திறந்தார், பைகளை அடுக்கினார். ஐஸ்கிரீம் கடைக்குப் போகச் சொன்னார்கள், போனார். பிறகு ரூமில் படுத்துக்கொண்டு அழுது பார்த்தார், வரவில்லை. அதற்கப்புறம் எதற்குமே எதுவும் வரவில்லை. மகள் பர்ஹத்தின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தில் சிரிப்பே இல்லாமல் அவர் நின்ற நிலையைப் பார்த்து, பிரியாணியில் ஏதோ குறை போலிருக்கிறது என்று சம்பந்தி வீட்டார் பயந்துபோனார்கள். ஊருக்கே வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று அவர் நினைத்தார். பஸீலாவும் அப்படித்தான் நினைத்தாள். இரண்டு பேர் கணக்கும் தப்பு.

இந்த நேரத்தில்தான் ரியாத்திலிருந்து ஆஷிக் அலி போன் பண்ணினான். கடையநல்லூர்க்காரன், அங்கே ரசூலோடு ஒரே ரூமில் கிடந்தவன். பழைய முதலாளி வீட்டுக்குப் புதிதாக வந்த டிரைவர்கள் யாரும் சரிப்படவில்லையாம். ரசூலையே திரும்பக் கூப்பிடச் சொல்கிறார்களாம், விசா தயாராக இருக்கிறதாம்.

"என்ன மச்சான், வாரியா?"

"பாப்போம்" என்றார் ரசூல். போகவும் ஆசையில்லை, இருக்கவும் ஆசையில்லை. உண்மையிலேயே பார்ப்போம்தான்.

இதை அவர் பஸீலாவிடம் சொல்லவில்லை. ஆனால் ஆஷிக் அலி தன் பெண்டாட்டியிடம் சொல்ல, அவள் அன்றைக்கே பஸீலாவிடம் சொல்லியாயிற்று. மனுஷர் போவாரா இருப்பாரா என்ற ஒரு கேள்வி அன்றிலிருந்து பஸீலாவின் தொண்டையில் நின்றது. கேட்டால் "பாப்போம்" என்பார். அந்த ஒரு சொல்லைக் காதால் கேட்கப் பயந்து அவள் கேட்காமலே இருந்தாள். பின்சீட்டிலிருந்து அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டே தினமும் புளியங்குடிக்குப் போய் வந்தாள்.

புளியங்குடி ரோடு எப்படி இருக்கும் என்று போய் வந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நன்றாக வந்துகொண்டிருக்கும்போதே குழி வரும். குழி இல்லாத இடத்தில் ஊர்க்காரர்கள் போட்ட ஸ்பீடு பிரேக்கர் இருக்கும். வண்டி தூக்கிப் போடும்போதெல்லாம் பஸீலா இடுப்பைப் பிடித்துக்கொண்டு "யா அல்லாஹ்" என்பாள். ரசூல் முன்னாலிருந்து "பாத்து, பாத்து" என்பார். பிறகு அடுத்த குழிவரை ஒன்றும் இருக்காது.

அந்த "யா அல்லாஹ்" அவரை என்னவோ செய்தது. ரியாத்தில் அவர் ஓட்டிய வண்டியில் இரும்பு ஸ்பிரிங்கே கிடையாது. சக்கரத்துக்கு மேலே ரப்பர் பையில் காற்றுதான். பின்னால் இருக்கிற மேடம் திறந்த கப்பில் காவா என்கிற அரபிக் காப்பி குடிப்பார்கள், ஒரு சொட்டுச் சிந்தாது. அப்படி ஓட்டியவருக்கு, தன் வீட்டுப் பெண் இடுப்பைப் பிடிப்பது பொறுக்கவில்லை. வண்டியில் காற்று சஸ்பென்ஷன் போடுவது என்று முடிவு பண்ணினார்.

முடிவு பண்ணியதும் ஆளே மாறிப்போனார். சாப்பிடும்போதும் போனில் அதையே பார்த்தார். ஆஷிக் அலியைக் கூப்பிட்டுக் கேட்டார். கோயம்புத்தூரில் அந்தச் சாமான் விற்கிற கடைக்காரரைக் கேட்டார். ராஜபாளையம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஜெயசிங்கைப் போய்ப் பார்த்தார். ஜெயசிங் வண்டிக்குக் கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"பாய், பெரிய கோளாறு ஒண்ணுமில்ல. நாலு ஷாக் அப்சார்பரையும் புதுசு போட்டு, டயர்ல காத்தக் கொஞ்சம் குறைச்சா இந்த ரோட்டுக்கு அதுவே போதும்."

"போதாதுவே. பின்னால இருக்குறவங்களுக்கு ஒண்ணுமே தெரியக்கூடாது."

"அப்பம் பின் ஸ்பிரிங்குக்குள்ள மட்டும் ரப்பர் பைய வச்சு விடுவோம். சிம்பிளா முடிஞ்சிரும்."

"அது லோடு தாங்கத்தான் ஆகும். குலுங்குறது குறையாது. நான் பாத்துட்டேன்" என்றார் ரசூல். "நாலு சக்கரத்துக்கும் ஸ்பிரிங்கக் கழட்டிட்டுப் பைதான் போடணும். டிக்கில கம்ப்ரஸரும் டேங்கும். ஆள் ஏற இறங்க, வண்டி தானா உயரத்தச் சரி பண்ணிக்கிடணும்."

"டிக்கி பூரா போயிருமே. ஸ்டெப்னிய எங்கன வைக்க?"

"டிக்கில வைக்கதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு?"

ஜெயசிங் சிரித்தார். "உயரத்தக் கூட்டிக் குறைச்சு விளையாடுனா ஆர்டிஓ புடிப்பான், அதையும் யோசிச்சுக்கிடும்" என்று சொல்லிவிட்டு, "வீட்டுல தங்கச்சி என்ன சொல்லுது?" என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தார்.

"அவளுக்கு என்ன தெரியும்" என்றார் ரசூல்.

சாமான்கள் வந்து சேர்ந்தன. வண்டி ஒர்க்‌ஷாப்பில் ஏறியது. ரசூல் காலையில் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் எழுந்திருப்பார். ஸ்பிரிங்குகள் வெளியே வந்தன, கறுப்பு ரப்பர் பைகள் உள்ளே போயின. விரல் தடிமனுள்ள குழாய்கள் வண்டிக்கு அடியில் ஓடி டிக்கியில் இருந்த டேங்குக்குப் போய்ச் சேர்ந்தன. சக்கரத்தை முழுக்க ஒடித்தால் குழாய் உரசுகிறதா என்று ஒவ்வொரு மூலையாக அவரே குனிந்து பார்த்தார்.

அந்த நாட்களில் பஸீலா பஸ்ஸில் போய் வந்தாள். வீட்டுக்குள் நுழையும்போதே பேச்சோடு நுழைந்தாள். கண்டக்டர் ஒருத்தன் ஆட்டுக்குட்டிக்கும் டிக்கெட் கேட்டானாம், குட்டிக்குச் சொந்தக்காரி அதை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு கைப்பிள்ளை என்று சாதித்தாளாம். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ரசூல் "ம்" என்றார். போனில் கம்ப்ரஸருக்கு ஒயர் இழுக்கிற படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் பார்த்தால், ஒரு பக்கமாக ஒட்டகம் மாதிரி உட்கார்ந்திருந்தது. தெருவே வந்து விசாரித்தது. ஜெயசிங் வந்து குழாய் சேருமிடத்தில் எல்லாம் சோப்புத் தண்ணீரை ஊற்றினார். ஒரு இடத்தில் மட்டும் சின்னதாக நுரை கிளம்பியது. அதைக் கழற்றி, குழாயின் நுனியை நேராக வெட்டி மாட்டினார். அதற்குப் பிறகு வண்டி இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் பஸீலா ஏறி உட்கார்ந்தாள். டிக்கிக்குள் கம்ப்ரஸர் லேசாக உறுமி நின்றது. ஊரைத் தாண்டியதும் முதல் குழி வந்தது, போனது. ஸ்பீடு பிரேக்கர் வந்தது, போனது. பின்னால் சத்தமே இல்லை. ரசூல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, வேலை ஒழுங்காக முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். சந்தோஷமா என்றால் அதுவும் இல்லை. முடிந்தது, அவ்வளவுதான். செவ்வாயும் புதனும் அப்படியே போயின. சங்கரன்கோவிலில் ஏறுகிறவள் புளியங்குடியில் இறங்குவாள். நடுவில் ஒரு சொல் கிடையாது.

வியாழக்கிழமை ஆஷிக் அலி திரும்பவும் கூப்பிட்டான். "நாளைக்கு ஜும்மா தொழுகைக்குள்ள ஒண்ணு சொல்லிரு மச்சான். அவங்க வேற ஆள் பாக்கணும்லா."

"சரி, சொல்லுதேன்" என்றார் ரசூல்.

வெள்ளிக்கிழமை காலை, பாதி தூரம் போயிருப்பார்கள்.

"வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்றாள் பஸீலா.

வாந்தி வருகிறது போல என்று நினைத்து அவர் நிறுத்தினார். காற்றில் ஓடுகிற வண்டி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. "என்ன, ஆடுதா? பின்னால காத்தக் கொஞ்சம் கூட்டச் சொல்லுதேன்."

"ஆடல. ஒண்ணுமே தெரியல. நல்லா இருக்கு" என்றாள். "முன்ன ஒவ்வொரு குழிக்கும் நான் யா அல்லாஹ்ம்பேன், நீங்க பாத்து பாத்தும்பிய. இங்கருந்து புளியங்குடி வரைக்கும் நாம பேசுனதே அது மட்டுந்தான். இப்ப அதுவும் இல்ல. நீங்க ரியாத்துல இருந்தப்பகூட நான் இப்படித் தனியா இருந்ததில்ல."

ரசூலின் கை ஸ்டீயரிங்கில் இருந்தது. இந்த இடத்தில் ஒரு மனுஷனுக்கு என்னவாவது வரவேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. வரவில்லை என்பதும் தெரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது என்று சொல்லிவிட்டார்.

"எனக்கு எதுவுமே தோண மாட்டேங்கு, பஸீலா. வாப்பா போனதுலருந்து இப்படித்தான் கிடக்கேன். சிரிப்பும் வரல, அழுகையும் வரல. நீ பின்னால இடுப்பப் புடிச்சுக்கிட்டு அல்லாவக் கூப்பிடும்போது மட்டும் இங்கன ஒரு வலி வரும்." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இருந்தது அது ஒண்ணுதான். அதையும் போய்ச் சரி பண்ணிட்டு வந்துட்டேன்."

ஒரு லாரி அவர்களைத் தாண்டிப் போனது. பஸீலா முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். அவர் பார்க்கவில்லை.

"ஆஷிக் அலிக்கு என்ன சொல்லப் போறிய?"

"அது உனக்குத் தெரியுமா?"

"கடையநல்லூருக்கே தெரியும்."

ரசூல் கண்ணாடியைப் பார்த்தார். அதில் ரோடுதான் இருந்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, உடம்பையே திருப்பிப் பின்னால் பார்த்தார். பஸீலாவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மூக்குக்கண்ணாடி போட ஆரம்பித்திருந்தாள், அது எப்போதிலிருந்து என்று அவருக்குத் தெரியவில்லை.

"நீ என்ன சொல்லுத?" என்று கேட்டார்.

சவூதிக்குப் போனது, பர்ஹத்துக்கு மாப்பிள்ளை முடித்தது, முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தது, பஸ்ஸை வேண்டாமென்றது, இந்தக் காற்றுப் பை போட்டது என்று எதிலுமே இந்தக் கேள்வியை அவர் பஸீலாவிடம் கேட்டதே கிடையாது. கேட்காமலே இவ்வளவு காலமும் ஓடிவிட்டது. அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அது வந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் பொறுத்திருந்தாள்.

"இங்கயே இருங்க" என்றாள். "ஆனா சும்மா இருக்கப்படாது. பேசிக்கிட்டு இருங்க."

"என்ன பேச?"

"அதையும் நானே சொல்லணுமா? வண்டிய எடுங்க, ஸ்கூல் பிரேயருக்கு நேரமாச்சு."

"ஜும்மாவுக்கு முன்னாலயே ஆஷிக் அலிகிட்ட வரலன்னு சொல்லிருதேன்" என்றார் ரசூல். வண்டியை எடுத்தார். கொஞ்சதூரம் பழையபடியே போனது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் மாதிரி கேட்டார்:

"இன்னைக்கு முதல் பீரியடு எந்தக் கிளாசு?"

"ஏழாம் கிளாசு" என்றாள் பஸீலா. "பின்னம் நடத்துதேன். ஒருத்தனுக்கும் ஏற மாட்டேங்கு."

ரசூல் அடுத்து என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினார்.