மருமகள் கைக்காக ஆண்டவரிடம் போட்ட சண்டை

சபையாரே, கோபம் தீராமல்தான் இந்தச் சாட்சியைச் சொல்லுதேன். கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேளுங்க.

புதுக்கடை பக்கம் என்னைத் தெரியாத ஆள் இல்லை. மூணாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தலையில் கல் சுமந்து, சொந்தமாகக் கம்பி, சிமெண்டுக் கடை போட்டவன். யாருக்க தயவும் எனக்குத் தேவைப்படலை. அப்பேர்ப்பட்ட என்னை, நம்ம கோயிலில் போன தடவை நடந்த அசன விருந்தில் ஒரு சேனைக்கிழங்கு நடுங்க வச்சிட்டுது.

எனக்க மருமகள் ஷீபா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அந்த வேலைக்கென்றே இருக்கிற தனிப் படிப்பைப் படிச்சா. பிள்ளைப்பேறால் ஒரு தடவை கடைசிப் பரீட்சை தவறிப்போச்சு. இந்தத் தடவை அசனம் முடிஞ்ச மறுவாரம் செய்முறைப் பரீட்சை. கையில் ஆறாத காயம் இருந்தால் ஆபரேஷன் மேசைப் பக்கம் விடமாட்டாங்க. அதனால் வீட்டில் அவ கத்தியே தொடலை. தேங்காய்கூட நான்தான் திருவிக் கொடுத்தேன்.

அசனத்துக்குக் காய் வெட்ட எல்லாப் பெண்களும் உட்காரணும், அது நம்ம வழக்கம். "மைனி, நான் பாத்திரம் கழுவுதேன், கத்தி மட்டும் வேண்டாம்" என்று ஷீபா, காய் வெட்டை நடத்தின கிரேஸிகிட்டே கெஞ்சினா.

"வயித்தைக் கீறுத இடத்துல நிக்கிறவளுக்கு சேனையைக் கண்டா பயமாக்கும், ஏட்டி?" என்றா கிரேஸி. எல்லாரும் சிரிச்சீங்க. ரோஷத்தில் கத்தியை எடுத்தா. விரல் கிழிஞ்சுபோச்சு.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு கோயிலுக்குள் போனேன். முழங்கால் போடலை. நின்னே கேட்டேன். "ஆண்டவரே, உமக்க வீட்டு வேலையிலதானே வெட்டினா? கள்ளுக்கடையிலயா வெட்டினா? இந்தச் சுவருக்குச் சிமெண்டு கொடுத்தவன் கேக்கேன், பதில் சொல்லும்." கத்திக் கத்திக் கேட்டேன். பிறகு என் பெருமை ஒண்ணும் வாயில் வரலை. "அந்த விரலை மூடித் தாரும்" என்று மட்டும் அழுதேன்.

மறுநாள் விரல் வீங்கிச்சு. மறுபடியும் போய்ச் சண்டை போட்டேன். வீக்கம் மெல்ல வத்திச்சு. பரீட்சை அன்றைக்கு, பரீட்சை நடத்த வந்த ஒரு அம்மா அவளுக்க கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தழும்பை அமுக்கிப் பார்த்து, "கை கழுவிட்டு உள்ளே வாங்க" என்றாங்களாம். ஷீபா ஜெயிச்சிட்டா. மருந்து போட்டது அவதான். தோலை ஒட்ட வச்சது யாரு?

கிரேஸி, உன் மேல் கோபம் இன்னும் போகலை. பல்லைக் கடிச்சுக்கிட்டு உனக்கும் ஜெபிக்கேன். இனி அசனத்தில் சேனை வெட்ட நான் உட்காருவேன். கைகட்டி நிற்கிற ஆம்பிளைகளும் பக்கத்தில் வந்து உட்காருங்க.

சங்கடம் வந்தால் நல்ல வார்த்தை தேடிக்கிட்டு இருக்காதீங்க. கோபத்தோடேயே அவர்கிட்டே போங்க. என்னையே பொறுத்தவர், உங்களைப் பொறுக்கமாட்டாரா?