மதினி சொருகிய குச்சி

எங்கள் மதினி ஆவுடைத்தாய் எந்த வீட்டுக்குப் போனாலும், அங்கே யாராவது பிளக்கைக் கழற்றினால் அதன் முதுகைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

மல்லாங்கிணற்றில் அண்ணன் வெள்ளத்துரையும் மதினியும் இட்லிக் கடை வைத்திருந்தார்கள். மதினிக்கு வலது மணிக்கட்டு முறிந்து சரியாகக் கூடவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான்தான் மாவு ஆட்டினேன். எழுபத்து நான்கில் எனக்குக் கல்யாணம் பேசி முடித்ததும் கரண்டு கிரைண்டர் வந்தது.

ரேடியோவுக்கு வைத்திருந்த ஓட்டையில் அதைச் சொருகினார்கள். பிளக் ஆடியது, கிரைண்டர் கல் நின்று நின்று சுற்றியது. தீப்பெட்டி ஆபீசுக்காகக் கட்டைச் சட்டத்தில் குச்சி அடுக்கும் வீடு எங்களுடையது. மருந்து வைக்காத குச்சிக்குப் பஞ்சமில்லை. கட்டில் கால், கதவுத் தாழ், ஆடுகிற எதற்கும் அதுதான் ஆப்பு. மதினி பிளக்குக்கும் இரண்டு குச்சி வைத்தார். கல் ஒழுங்காக ஓடியது. ஒரு மாதத்தில் தீய்ந்த வாடை வந்தது. ஒருநாள் காலையில் புகையே வந்துவிட்டது.

"கடையைக் கொளுத்தாம இது ஓயாது. நாளைக்கே தூக்கி அனுப்பிருதேன்" என்றார் அண்ணன்.

"அனுப்புங்க. ஆட்டுறது யாரு, நீங்களா?"

வயர்மேன் கருத்தப்பாண்டி வந்து, மெயினை அணைத்து ஃபியூசைப் பிடுங்கிவிட்டு போர்டைக் கழற்றினார். கருகிய குச்சிகள் விழுந்தன.

"ஏலே வெள்ளத்துரை, கரண்டுக்குப் பல்லுக்குச்சி குடுத்தது யாருலே?"

குச்சி அடுக்குகிறவள் நான். அண்ணன் என்னைப் பார்த்தார். ஒத்துக்கொண்டால், இதை ஓட்டத் தெரியாது என்று சொல்லி அண்ணன் கல்லை அனுப்பிவிடுவார் என்று மதினிக்குத் தெரியும்.

"அவளைப் பாக்காதீக. நான்தான் சொருகுனேன்."

அண்ணன் வாய் திறக்குமுன் கருத்தப்பாண்டி சொன்னார்: "குச்சி பிளக்கோட காலை ஒரு பக்கமாத் தள்ளிவிட்டுருச்சு. ஓரத்துல மட்டும் பட்டுச்சு, அந்த இடம் கொதிக்குது. அதுவுமில்லாம ரேடியோ ஓட்டை கல்லை எப்படித் தாங்கும்? கல்லு மேல தப்பில்ல."

மெயினிலிருந்து தடித்த வயரைத் தனியாக இழுத்து, பதினைந்து ஆம்ப்ஸ் சாக்கெட் வைத்து, திருகாணிகளை இறுக்கினார். கல்லின் வயருக்கும் புதுப் பிளக்கை எடுத்தார்.

"பழைய பிளக்கு கிடக்கட்டுமே" என்றார் அண்ணன்.

"தீஞ்ச காலை இதுல சொருகுனா இதுவும் தீயும்லே. மதினி, சுவிட்சை அணைச்சிட்டுக் கழத்தித் தொட்டுப் பாருங்க. சுட்டுச்சுன்னா என்னையக் கூப்பிடுங்க."

அண்ணன் கல்லை அனுப்பவில்லை. தை மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது.

அந்தக் கடை இன்றும் நடக்கிறது. அண்ணன் இல்லை. மதினிக்கு எண்பது ஆகிறது. மாவு ஆட்டுவது மருமகள் முருகேஸ்வரி.