ஏழு நாள் நோட்டீஸ்

கடன் வசூல் வழக்கு நடத்தப் பெரிய சட்ட அறிவெல்லாம் தேவையில்லை. கம்ப்யூட்டரில் ஒரே நோட்டீஸை வைத்துக்கொண்டு பெயரையும் முகவரியையும் மாற்றத் தெரிந்தால் போதும். ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக்காக நான் அப்படித்தான் கட்டுக்கட்டாக அனுப்பிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வரி மட்டும் என் சொந்தச் சரக்கு: ‘ஏழு நாட்களுக்குள் பணம் கட்டத் தவறினால் கைது நடவடிக்கைக்கு உள்ளாவீர்கள்.’ பைக் தவணை பாக்கிக்காக யாரையும் கைது செய்ய முடியாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அதைப் படித்துவிட்டுப் பாதிப் பேர் அலறியடித்துக்கொண்டு வந்து கட்டிவிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒரு நாள் காலை ஜவ்வாது மலையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

“மேடம், நீங்க அனுப்புன பேப்பர எங்க வூட்டுக்காரருக்கு நான்தான் படிச்சு சொன்னேன். ஏழாம் நாளு காட்டுக்குள்ள போனவருதான். மூணு நாளாச்சு, வூட்டுக்கே வரல. போலீஸ் வந்துடுமா மேடம்?”

ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்டக் கூலிக்குப் போய், பிடிபட்டு, வருடக்கணக்கில் ஜெயிலில் கிடந்தவர்கள் அந்த மலையில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சிலர் திரும்பவே இல்லை. அந்த மலையடிவாரத்துக் கலசப்பாக்கத்தில் பிறந்த எனக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தும் அந்த வரியை அங்கே அனுப்பியிருந்தேன்.

கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு பஸ் பிடித்தேன். ஒடுகத்தூரில் இறங்கி ஷேர் ஜீப்பில் ஏறினேன். வழி நெடுக ஒவ்வொரு புளியமரத்தின் கிளையையும் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டே போனேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ளப் பயமாக இருந்தது.

அவள் கைக்குழந்தையோடு சாமைக் கொல்லையின் ஓரத்தில் நின்றிருந்தாள்.

“கூப்பிட்டுப் பாத்தியாம்மா?”

“டெய்லி கூப்புடுறேன். அந்தப் பாறை மேல சோறு வெக்கிறேன். நேத்து வரைக்கும் வந்து துன்னுட்டுப் போனாரு. இன்னிக்கு வெச்சது அப்படியே கீது மேடம்.”

அவர் முன்பே மரம் வெட்டப் போய் இரண்டு வருடம் உள்ளே இருந்தவர் என்று அப்போதுதான் சொன்னாள்.

“கைது பண்ண மாட்டோம்னு ஒரு பேப்பர் எழுதிக் குடுங்க. அதே மாதிரி சீல் வெச்சு. அவரு பதுங்குற எடம் ரெண்டு மூணு தெரியும், நான் போய் படிச்சுக் காட்டுறேன்.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் நான் கம்பெனியை நினைத்தேன். இப்படி ஒரு கடிதம் அவர்கள் கண்ணில் பட்டால் அடுத்த மாதம் எனக்குக் கேஸ் வராது. பாறை மேலிருந்த சோற்றில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்த பிறகுதான் பையிலிருந்து லெட்டர்பேடை எடுத்தேன். ‘யாரும் உங்களைக் கைது செய்ய மாட்டார்கள்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் வைத்தேன்.

குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு அவள் காட்டுக்குள் போனாள். அது சமர்த்தாகத் தூங்கியது. நான் உள்ளேயிருந்து ஒரு அலறல் கேட்கப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் சாய்ந்துகொண்டே போனது. தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

கடைசியில் அவள் வந்தாள். அவளுக்குப் பின்னால் தாடியும் முள் கீறலுமாக அவரும் வந்தார். உயிரோடு பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“நல்லவேளைம்மா, பேப்பர நம்பிட்டாரே” என்றேன்.

“இல்ல மேடம். ரெண்டு தரம் படிச்சேன், நம்பல. புள்ள வக்கீல் மடியில கீதுன்னு சொன்னேன். உடனே எழுந்து வந்துட்டாரு.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து என் முன்னால் நீட்டினார்.

“புள்ளய அவகிட்ட குடுத்துடுங்க மேடம். நான் வர்றேன்.”