கூடுதல் மூன்று மில்லிமீட்டர்

அலுவலகத்தில் அவருக்கு ‘எக்ஸ்ட்ரா சார்’ என்று பெயர். நீராவிக் கலன்களுக்குக் கணக்குப் போடுவது வேலை. கலனின் வாயில் ஒரு தடித்த இரும்பு வளையம், மூடியில் இன்னொன்று; அதுதான் ஃபிளாஞ்ச். நடுவில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டை வைத்து, சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். கேஸ்கெட்டின் அகலம், போல்ட்டின் இழுவை, வளையத்தின் தடிமன் எல்லாம் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வரும் கணக்கு. மனுஷன் அதில் புலி. ஆனால் கடைசியில் வந்த தடிமனோடு மூன்று மில்லிமீட்டர் கூட்டாமல் அவர் மேஜையை விட்டு வரைபடம் நகராது.

“வெல்டிங் சூட்டுல வளையம் கோணிக்கும். லேத்துல சீவித்தான் மட்டம் பண்ணணும். சீவறதுக்கு மெட்டீரியல் வேணாமா?” என்பார், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும்.

வீட்டிலும் அதே கதைதான்; சட்டையைக்கூட இரண்டு அங்குலம் கூட்டித்தான் தைக்கக் கொடுப்பார். “உங்க சட்டைக்குள்ள இன்னொரு ஆளைக் குடிவைக்கலாம்” என்று மனைவி காலை வாருவாள்.

சின்ன முதலாளி பொறுப்புக்கு வந்த பிறகு டெண்டர்கள் வரிசையாகக் கைநழுவின. எடை அதிகம், அதனால் விலையும் அதிகம். ஒருநாள் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“இந்த ஆர்டரும் போச்சுன்னா டிசைன் வேலைய வெளிய குடுத்துடுவேன் சார். ரூல் கேக்கறது மட்டும் போடுங்க. ஒரு நூல்கூட மேல வேண்டாம்.”

ஐம்பத்தாறு வயதில் எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டார். வெல்டர் கைராசிக்காரர், கோணாமல் வந்தாலும் வரும் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு, முதல்முறையாகக் கூட்டாமல் போட்டார். ஆர்டர் கிடைத்தது. சின்ன முதலாளி ஓடிவந்து கைகுலுக்கினார்.

வளையம் கோணியது. தண்ணீர் ஏற்றிச் சோதித்தபோது கேஸ்கெட் ஓரமாக ஒழுகியது. சீவினார்கள், ஒழுகல் நின்றது, ஆனால் தடிமன் ரூல் கேட்டதைவிடக் குறைந்துபோனது. வாங்குபவர்களின் இன்ஸ்பெக்டர் அளந்து பார்த்தார். “இது ஆகாதுங்க” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் சின்ன முதலாளி அவருடைய மேஜைக்கே வந்தார்.

“மாசக் கடைசியோட டிசைன் செக்‌ஷனை மூடறேன். நான் புதுசு, எனக்கு என்ன தெரியும்? இவ்வளவு அனுபவம் இருக்கு, இப்படி ஆகும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?”

குரலில் கோபம்கூட இல்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் தாங்கவில்லை. காலமெல்லாம் ஊரைக் கூட்டிச் சொன்னவர், சொல்லாமல் விட்டது இந்த ஒரு தடவைதான். பயந்துவிட்டேன் என்று சொல்ல நா எழவில்லை.

“தோணல சார்” என்றார்.

சின்ன முதலாளி தலையை ஆட்டிக்கொண்டே போனார். நம்பிவிட்டார்.