ஜன்னலில் வைத்த நீலம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கடைச் சாமான் சீட்டும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத் தாள்களில் கையெழுத்தும்தான். மறதியும் வந்துவிட்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று மட்டும் நேற்றுப் பார்த்ததுபோல் கண்ணில் நிற்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரி ஜன்னல். அதில் மரச்சட்டத்தில் செருகிய ஒரு கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் இரண்டு விரற்கடை நீலத் தண்ணீர். அந்த நீலத்தை வைத்தவர், ஆஸ்பத்திரியில் எங்களுக்கு மருந்து கொடுத்த டிரஸ்ஸர் ஐயா. அவரைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். இப்போது நான் இருக்கும் ஈப்போ சிலிபினில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, பிள்ளை பெற்று மூன்று மாதம்தான் ஆகிறது, இனிப்பு நீருக்கு, அதாவது நீரிழிவுக்கு, அன்றைக்கு என்னைப்போலவே பயந்துகொண்டிருக்கிறாள். அவளிடம் வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் மலேசியாவில் சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் லயத்து வீட்டில் இருந்தோம். நானும் வீட்டுக்காரரும் பால்மரம் வெட்டினோம், அதாவது மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்தோம். மூன்றாவது பிள்ளை வயிற்றில் ஆறு மாதம். எழுபத்து நாலாம் வருஷமாக இருக்கலாம். பத்து மரம் வெட்டுவதற்குள் ஒரு போத்தல் தண்ணீர் குடித்துவிடுவேன், அப்படி ஒரு தாகம். டிரஸ்ஸர் ஐயா சிறுநீரைப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதி ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே தித்திப்புத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, இரத்தம் எடுத்து, இது பிள்ளை உண்டானதால் வந்த இனிப்பு நீர் என்றார்கள். பையன் பத்து ராத்தலுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிறந்தான். லயத்தில் அவனைப் பூசணிக்காய் என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் மிஸ்ஸி சொன்னார்: “இப்ப போயிருச்சு. ஆனா பின்னால வரலாம். வருஷா வருஷம் பாத்துக்குங்க.” வரலாம் என்றுதான் சொன்னார். நான்தான், வந்தே தீரும் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அதற்குக் காரணம் என் அப்பா. அவருடைய வலது கால் இதே இனிப்பு நீரால் ஈப்போவிலேயே தங்கிவிட்டது. திரும்பி வந்த பிறகு மூன்று வருஷம் இருந்தார். மரம் வெட்டப் போகும்போது போடுகிற ரப்பர் சப்பாத்து ஒரு சோடி அவரிடம் இருந்தது. வாரத்தில் ஒரு நாள் இரண்டு சப்பாத்தையும் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைப்பார். எதற்கு இரண்டு என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. பூசணிக்காயை மடியில் போட்டுக்கொண்டு பால் கொடுக்கும்போதெல்லாம் அந்த வலது கால் சப்பாத்துதான் என் நினைவுக்கு வரும். என் கால் போனால் மரம் வெட்ட முடியாது. நானே போய்விட்டால் மூன்று பிள்ளைகளை யார் பார்ப்பது?

அன்றிலிருந்து சீனியை விட்டேன். பத்து மணிக்கு மரத்தடியில் எல்லாரும் டின் பால் ஊற்றிய தேத்தண்ணி குடிக்கும்போது நான் வெறும் கறுப்புத் தண்ணீரைக் குடிப்பேன். எதிர்வீட்டு அக்கா சும்மா இருக்கமாட்டார். “என்னாடி அது, பால் வாளி கழுவுன தண்ணியா? பணத்த மிச்சம் பிடிச்சு ஈப்போல வீடு வாங்கப் போறியா?” என்பார். நான் சிரித்து மழுப்புவேன். இன்னொரு கிறுக்கும் எனக்குப் பிடித்திருந்தது. இனிப்பு நீர் வந்தால் எறும்பு மொய்க்கும் என்று லயத்தில் சொல்வார்கள். காலையில் குளிக்கும் கொட்டகைக்குப் பின்னால் போய்க் குனிந்து எறும்பு தேடுவேன். ரப்பர் காட்டில் எறும்பு இல்லாத இடம் எது? ஒவ்வொரு நாளும் எறும்பு இருந்தது. ஒவ்வொரு நாளும் எனக்கு வியாதி வந்து, மத்தியானம் போனது.

டிரஸ்ஸர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை, முட்டிவரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறை. கோபக்காரர் என்று பெயர். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே சிவப்பு மருந்துதான் ஊற்றுகிறார் என்று ஆண்கள் கேலி செய்வார்கள். அந்த மருந்துக்கு அவரவர் வீட்டுப் போத்தலைத்தான் கொண்டுபோக வேண்டும். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போகிற வழியில், பெயர் எழுதிய சீட்டை ஒட்டி ஜன்னல் திண்டில் போத்தலை வைத்துவிட்டுப் போவோம். மத்தியானம் ஸ்டோரில் ரப்பர் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது மருந்தோடு எடுத்துக்கொள்வோம். முதல் வருஷம் நானும் சோதனைக்கான என் சிறுநீர்ப் போத்தலைப் பத்திரிகைத் தாளில் சுற்றி அந்த வரிசையில் ஓரமாக வைத்தேன். ஆம்பிளை கையில் அதை எப்படிக் கொடுப்பது? மத்தியானம் அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “இது ஆரின்ரை போத்தல்? மருந்துக்கோ, சோதனைக்கோ?” என்று சத்தம் போட்டார். பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியே போனேன்.

மறுநாள் ஸ்டோர் பக்கம் வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. மேலே மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பிள்ளை, இனி நீர் ஒண்டும் கேக்க வேண்டாம். ஜன்னலைப் பாரும். நீலம் நிண்டா ஒண்டுமில்லை, வீட்ட போம். நீலம் இல்லாட்டி உள்ளுக்கு வாரும்.” அவ்வளவுதான். அந்த மத்தியானம் ஜன்னலில் நீலம் இருந்தது. அடுத்த வருஷமும் இருந்தது, அதற்கடுத்த வருஷமும் இருந்தது. தைப்பூசம் கழிந்த வாரத்தில் ஒரு காலை போத்தலை வைப்பேன்; மத்தியானம் நடையை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் ஜன்னலைப் பார்ப்பேன்; வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடிப்பேன். அவரும் நானும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான்காவது வருஷம் பூசணிக்காய் என் வழக்கமான போத்தலை உருட்டி உடைத்துவிட்டான். அவனுக்குச் சளி என்று துளசிச் சாற்றில் குழைத்துக் கொடுக்க வைத்திருந்த தேன் அன்றைக்குத்தான் தீர்ந்திருந்தது. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. அந்தச் சின்னப் போத்தலைக் குழாயடியில் காட்டி, அலசி, அதில் எடுத்து வைத்துவிட்டுப் போனேன். மத்தியானம் திரும்பினால் ஜன்னல் காலி. மரச்சட்டம் இருந்தது, குழாய் இல்லை. உள்ளே வரச் சொல்லியிருந்தாரே, போனேனா? போகவில்லை. அவர் வாயால் சொல்லாதவரை அது வரவில்லை என்று ஒரு எண்ணம். தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்று நாள் ஆஸ்பத்திரி வழியை விட்டு, பின்பக்கமாகச் சுற்றிப் போனேன். மூத்தவளுக்கு அப்போது பதினோரு வயது. அவளை அடுப்படியில் உட்காரவைத்து, அரிசிக்கு மேல் ஒரு விரல்கணு தண்ணீர் நிற்க வேண்டும் என்று காட்டினேன். பிறப்புப் பத்திரங்கள் எந்த பிஸ்கட் டின்னில் இருக்கின்றன என்று சொன்னேன். தம்பிக்கு வெந்நீர் எவ்வளவு சூடு இருக்கலாம் என்று அவள் முழங்கையை விட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் கேட்டாள்: “நீ எங்கம்மா போப்போற?”

“எங்கயும் போல. தெரிஞ்சு வச்சுக்க.”

“அப்ப ஏன் அழுவுற?”

“பொகைடி.”

அடுப்பில் நெருப்பே இல்லை. அவள் அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வீட்டுக்காரர் மட்டும், “மொகம் ஏன் புள்ள செத்துக் கெடக்கு?” என்றார். வெயில் என்று சொன்னேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம், பெண்கள் குழாயடியில் நிற்கிற நேரத்தில், டிரஸ்ஸர் ஐயாவின் ஸ்கூட்டர் லயத்துக்குள் வந்து எங்கள் வாசலில் நின்றது. அவர் லயத்துக்கு வருகிறவர் இல்லை. எதிர்வீட்டு அக்கா குடத்தை இறக்கிவிட்டுச் சொன்னார்: “டிரஸ்ஸரு வந்தா ஒண்ணு பொறப்பு, இல்ல எறப்பு. ஒன் வயிறு சின்னதாத்தானடி இருக்கு?” கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஏன் பிள்ளை உள்ளுக்கு வரேல்லை? மூண்டு நாளா நீர் வருவீர் வருவீர் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன்.” குரலை நன்றாகத் தணித்துத்தான் கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து பத்திரிகைத் தாளில் சுற்றிய அந்தப் போத்தலை எடுத்தார். “இதுக்குள்ள முந்தி என்ன இருந்தது?”

“தேனுங்க ஐயா. கழுவிட்டுத்தான்...”

“கழுவினீரோ, தண்ணிக்குக் காட்டினீரோ?”

அவர் மூடியைத் திருப்பிக் காட்டினார். மூடிக்குள் இருந்த அட்டை வளையத்தின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு. அதில் நாலைந்து எறும்பு செத்து ஒட்டியிருந்தது. “இண்டைக்கு இதைக் கழுவ எடுக்கேக்கதான் கண்டனான். எறும்பு எல்லாம் மூடிக்குள்ளதான் கிடக்கு. இந்தத் தேன்தான் நிறத்தை மாத்திப்போட்டுதோ தெரியேல்லை. வாரும், திரும்பப் பாப்பம்.”

எல்லாரும் பார்க்க, அவர் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். மூத்தவள் கூப்பிடாமலே என் கைலியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் வெந்நீரில் போட்டு எடுத்த கண்ணாடிக் குவளை ஒன்றைக் கொடுத்து, பின்பக்க மறைவிடத்தைக் காட்டிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று வருஷமாக ஜன்னலில் மட்டும் பார்த்த அந்த நீலத்தை எப்படிச் செய்கிறார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நீல மருந்தைக் குழாயில் ஊற்றினார். சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டார். குழாயை இடுக்கியில் பிடித்து ஸ்பிரிட் விளக்கின் மேல் சாய்த்தார். “பச்சை வந்தாக் கொஞ்சம் இருக்கு. மஞ்சள் வந்தாக் கூட. செங்கல் நிறம் வந்தா ஈப்போ.” தண்ணீர் கொதித்துக் குமிழி விட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஸ்பிரிட் வாசனை இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. மூத்தவள்தான் கேட்டாள்: “ஐயா, கலர் மாறவே மாட்டேங்குதே?”

“மாறக் கூடாது பிள்ளை. அதுதான் அதின்ரை கெட்டித்தனம்.”

கண்ணைத் திறந்தேன். நீலம். தீபாவளிக்கு எடுத்த புதுச் சட்டைபோல அப்படி ஒரு நீலம். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. “இப்ப என்னத்துக்கு அழுகிறீர்? முதல் நாளே நான் வந்திருக்க வேணும். அது என்ரை பிழை. உள்ளுக்கு வராதது உம்மட பிழை. பாக்கிறதுதான் உம்மட வேலை. வாறதும் வராததும் உம்மட வேலை இல்லை. வருசம் தவறாமல் பாரும். இப்ப வீட்ட போய்த் தேத்தண்ணியில ஒரு கரண்டி சீனி போட்டுக் குடியும்.”

குடித்தேன். நாலு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சீனி நாக்கில் கூசியது. எதிர்வீட்டு அக்கா விஷயத்தைக் கேட்டு வயிறு பிடிக்கச் சிரித்துவிட்டு, “ஏண்டி, மூணு நாளா மனசுக்குள்ளயே கருமாதி நடத்திக்கிட்டியா? எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா” என்று என் முதுகில் ஒன்று போட்டார். பிறகு முந்தானையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். அன்றிரவு வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்துபோய் என் வெட்டுக் கத்தியைத் தீட்டி வைத்தார்.

எண்பதுகளில் தோட்டம் கைமாறியது. ரப்பரை அழித்து எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டார்கள். நாங்கள் சிலிபினுக்கு வந்தோம். அதற்கு முன்பே டிரஸ்ஸர் ஐயா போய்விட்டார். அவரை வழியனுப்பக் கூட்டம் கூடியபோது முன்னால் போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று காலையில் நல்ல தேன் ஒரு போத்தல் வாங்கி, பத்திரிகைத் தாளில் சுற்றி, ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு வந்தேன். பெயர்ச் சீட்டு ஒட்டவில்லை. பிரித்துப் பார்க்கும்வரை என்ன நினைத்திருப்பாரோ! ஆனால் மத்தியானம் அந்த வழியாக வந்தபோது போத்தல் அங்கே இல்லை. ஜன்னல் கதவு சாத்தியிருந்தது.

இப்போது கிளினிக்கில் விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தில் பார்த்துவிடுகிறார்கள். ஒரு வருஷம் எல்லைக் கோட்டில் நின்றது. சோற்றைக் குறைத்து நடந்தேன், இறங்கியது. போன மாதமும் போனேன். அந்தச் சின்னப் பெண், “நோர்மல் லா, ஆன்ட்டி” என்றாள். எண்களைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்காது. இருந்தாலும் அவள் சொல்லி முடித்ததும் என் கண் தானாக ஜன்னல் பக்கம் போனது. வெளியே வெயில்தான் இருந்தது. போதும் என்று எழுந்து வந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சொல்ல நினைப்பதும் இதுதான்: வருஷா வருஷம் போய்ப் பார், ஜன்னல் காலியாக இருந்தால் உள்ளே போ. போத்தலை மட்டும் நன்றாகக் கழுவிக்கொள்.

நான் எழுதியதில் தப்பு இருக்கும். நீல மருந்துக்கு என்ன பெயர், முதலில் பச்சையா மஞ்சளா என்று தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்த வேண்டும். மற்றதை என் மூத்த மகளிடம் கேளுங்கள். அவள் கண்ணைத் திறந்துகொண்டு பக்கத்திலேயே நின்றவள். டிரஸ்ஸர் ஐயா சொன்னது அரைக் கரண்டி என்று அவள் இன்றும் சாதிக்கிறாள். எனக்கு ஒரு கரண்டி என்றுதான் ஞாபகம். நான் போட்டது இரண்டு.